தலை சாய்த்தவளுக்குக் கைமாத்து

அன்று கேன்டீனில் இருந்தவர்கள் ஆறு பேர். வகுப்பு எடுக்க வந்த மேடம். அவரை அழைத்து வந்த எச்.ஆர். தம்பி. எங்கள் லைன் சூப்பர்வைசர். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் கதவில் சாய்ந்து நின்றார். எங்கள் லைனிலேயே மூத்த டைலர், ஐம்பத்தாறு வயது. கம்பெனி முழுக்க அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும். ஆவடியில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வரும் இருபது வயதுப் பெண். பிறகு நான்.

நாற்காலி ஏழு போட்டிருந்தது. கேன்டீன்காரர் கணக்குத் தப்பிப் போட்டிருப்பார், வேறொன்றும் இல்லை. ஆனாலும் நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. வேனில் ஏறும்போது ஏறினவர்களை எண்ணுவேன், இறங்கும்போது இறங்கினவர்களை எண்ணுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அங்கே படித்த கணக்கில் மிச்சம் இருப்பது இதுதான், அதுவும் பயத்துக்குத்தான் உதவுகிறது.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற எக்ஸ்போர்ட். ஒரே ஆள் முழுச் சட்டையையும் தைப்பதில்லை. ஒருத்தி காலரைத் தயார் செய்வாள், அடுத்தவள் அதைச் சட்டையில் ஏற்றுவாள், அதற்கடுத்தவள் மடித்துத் தைத்து முடிப்பாள். மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். சட்டை கட்டுக் கட்டாக முன்னாலிருந்து பின்னால் நகர்ந்து வரும். முன்னால் ஆன்ட்டி, நடுவில் அக்கா, பின்னால் நான். அந்த ஹாஸ்டல் பெண் அப்போது ஹெல்பர். நூல் வெட்டுவாள், கட்டை ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு மாற்றி வைப்பாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவார், என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா. பல வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய முதுகைத்தான். முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வலது தோளைக் கொஞ்சம் ஏற்றி வைத்துத் தைப்பார். ஜாக்கெட்டில் வியர்வை முதலில் எந்த இடத்தில் பூக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்திக்கு முடியவில்லை என்றால், தலைவலியோ, வயிற்று வலியோ, வீட்டில் இரவெல்லாம் சண்டையோ, மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொள்வாள். வாய் திறந்து யாரையும் கேட்க மாட்டாள். முன்னால் இருப்பவளும் பின்னால் இருப்பவளும் அவளுடைய பீஸ்களைப் பிரித்துக்கொண்டு தைத்துவிடுவார்கள். கட்டு நிற்காமல் நகரும். கட்டு நகர்ந்தால் சூப்பர்வைசர் பீஸைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். இதற்கு நாங்கள் வைத்திருந்த பேர் கைமாத்து. அவசரத்துக்குப் பணம் வாங்கிக்கொள்கிற மாதிரி. இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. தலை சாய்த்தவளை எழுப்பக் கூடாது. எழுப்பினால் சத்தம், சத்தம் வந்தால் சூப்பர்வைசர் திரும்புவார். அதோடு, பாவம், தூங்கட்டுமே என்று இருக்கும்.

என் மகன் காய்ச்சலில் கிடந்த வாரம் முழுக்க எனக்குக் கைமாத்து கொடுத்தவர் அக்கா. அது இல்லாமல் எங்கள் லைனில் யாரும் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

அப்படித்தான் ஒரு நாள் அக்கா தலை சாய்த்தார். அந்தப் பெண் குனிந்து, "அக்கா படுத்துட்டாங்க" என்று என் காதில் சொல்லி, அவருடைய கட்டைப் பிரித்துப் பாதியை என் மேஜையில் வைத்தாள். மீதி ஆன்ட்டிக்கு. இரண்டு பேரும் நிமிராமல் தைத்தோம். டீ மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், அக்கா எழவில்லை. முதலில் அவர் தோளில் கை வைத்தது அந்தப் பெண்தான். கன்னத்துக்கு அடியில் பாதி ஏறிய காலர் ஒன்று இருந்தது. ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றிருந்தது. துணியைப் பிடித்திருந்த விரல்களைப் பிரித்துத்தான் அவரைத் தூக்கினோம்.

இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எப்போது நின்றது என்று சொல்லவில்லை. "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாதும்மா" என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தாலும் அதுவும் ஒரு பதில்தான். இந்தச் 'சொல்ல முடியாதும்மா'தான் என்னோடு வேன் ஏறி, கரையான்சாவடியில் என்னோடு இறங்கி, இன்றுவரை என் வீட்டில் குடியிருக்கிறது.

அன்று எங்கள் லைன் டார்கெட்டைத் தாண்டியிருந்தது. அக்கா பேரிலும் ஒரு பீஸ் குறையவில்லை.

மெஷினைச் சும்மா போட்டு வைக்க முடியுமா? பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆன்ட்டி மாதா கோயிலுக்குப் போகிறவர். யாரும் பார்க்காத நேரத்தில் மேஜைக்கு அடியில் தையல் சாக்கட்டியால் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். அப்புறம் அந்த ஹெல்பர் பெண்ணை அதில் உட்கார வைத்தார்கள். அவளுக்குத் தைக்கத் தெரியும், நன்றாகவே தெரியும். டைலர் சம்பளம் கிடைக்கும் என்பது அவளுக்குப் பெரிய விஷயம். ஆனால் அவளால் ஓட்ட முடியவில்லை. நாலு பீஸ் தைப்பாள், நிறுத்துவாள், திரும்பி என்னைப் பார்ப்பாள். மறுபடி நாலு பீஸ், மறுபடி திரும்பல். காலர் பகுதியில் கட்டுகள் தேங்க ஆரம்பித்தன.

"சனிக்கிழம வரைக்கும் பாக்குறேன்" என்று சூப்பர்வைசர் அவளிடம் சொன்னார். "டார்கெட் வரலன்னா கணக்க முடிச்சிக்க வேண்டிதான். ஹெல்பருக்கு வேற ஆள் போட்டாச்சும்மா."

கணக்கு முடித்தால் அவள் ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் மாமா மகனோடு கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். அவனுக்கு இவளைவிடப் பதினைந்து வயது அதிகம். "இந்த வேலை இருக்கறவரைக்கும்தான்க்கா ஊர்லேர்ந்து வர்ற போன நான் எடுக்காம இருக்க முடியும்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதிலிருந்து அவளுடைய சனிக்கிழமையையும் சேர்த்து நான்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் வகுப்பு. காலர் பகுதி தேங்குகிறது என்று தகவல் மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து, மனசைத் தேற்றுங்கள் என்று வந்திருக்கிறது. எங்கள் மூன்று பேரையும் சாப்பாட்டுக்கு முன்னால் மெஷினிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனார்கள்.

மேடம் நல்ல மாதிரி. தண்ணீர் குடித்தீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பையிலிருந்து பச்சை ரப்பர் பந்து ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்து அமுக்கினார். "பாருங்க, எவ்வளவு அழுத்தினாலும் பழைய மாதிரியே ஆயிடுது. இதுக்குப் பேருதான் மீண்டெழும் திறன். மூத்தவங்ககிட்ட பொறுமை இருக்கு, இளையவங்ககிட்ட வேகம் இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் அதைக் குடுத்து வாங்கிக்கணும்."

ஆன்ட்டி என் பக்கம் சாய்ந்தார். "பந்துக்கு பீபி மாத்தர கெடயாது பாரு, அதான் துள்ளுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சூப்பர்வைசர் பார்ப்பாரே என்று இருமினேன்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று மேடம் ஆன்ட்டியைக் கேட்டார். "ஒரு கஷ்டம் வந்தா அதுலேர்ந்து எப்படி மீண்டு வருவீங்க?"

"மீண்டு எங்க மேடம் வர்றது? நான் எங்கியும் போவலியே. இங்கியேதான கீறேன்."

"நீங்க?" என்று என்னிடம் திரும்பினார்.

"நான் பயந்துக்குவேன் மேடம்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

எச்.ஆர். தம்பி சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். அவரும் ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட் வாங்கிவிட்டுத் தவணை கட்டுகிறவர். எங்கள் காலர் தேங்கினால் அவரையும் மேலே கூப்பிட்டுக் கேட்பார்கள்.

அந்தப் பெண்ணின் முறை வந்தது. அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நமக்கு ஏதாச்சும் ஆனா யாராச்சும் திரும்பிப் பாப்பாங்கன்னு தெரிஞ்சா போதும் மேடம்."

"அருமை!" என்றார் மேடம். வெள்ளைப் பலகையில் 'குழு உணர்வு' என்று எழுதினார். அந்தப் பெண் பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பந்தைப் பார்த்தேன்.

பெரியவர்கள் இளையவர்களுக்கு ஒரு அனுபவம் சொல்லுங்கள் என்று மேடம் கேட்டபோது கைமாத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எங்களைத் தாங்கிப் பிடித்தது அது ஒன்றுதான். கதவில் சூப்பர்வைசர் நின்றார். அதைவிட, அதைச் சொன்னால் அக்காவையும் சொல்ல வேண்டிவரும். ஆன்ட்டி, வெள்ளத்தில் பூந்தமல்லி ரோட்டில் இடுப்பளவு தண்ணீரில் வேலைக்கு வந்த கதையைச் சொன்னார். மேடம் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

சாப்பிட்டுவிட்டு மெஷினுக்கு வந்தோம். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. பரவாயில்லை, பந்து வேலை செய்கிறது என்றுகூட நினைத்தேன். நான் ஒரு காலரை முடித்து நூலை வெட்டி நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் அந்தப் பெண் மெஷின் மேல் தலை சாய்த்திருந்தாள்.

அதே மெஷின். அதே பக்கம்.

ஆன்ட்டி பாதி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கையைப் பின்னால் நீட்டி அவளுடைய கட்டைப் பிரித்துப் பாதியை இழுத்துக்கொண்டார். தைக்க ஆரம்பித்துவிட்டார். என் கையும் தானாகப் போனது. மீதிக் கட்டை எடுத்தேன். ஒரு காலரை ஏற்றினேன். இரண்டாவதை மெஷினில் வைத்தேன். அதற்குமேல் கால் பெடலை அழுத்தவில்லை.

அவளுடைய முதுகைப் பார்த்தேன். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் கிடந்த துப்பட்டா அந்தக் காற்றில் எழும்பியது, அடங்கியது, மறுபடி எழும்பியது. அசைவது அவளா துணியா என்று தெரியவில்லை. அன்றைக்கும் இதே ஃபேன்தான். அன்றைக்கு நான் நிமிர்ந்து பார்த்தேனா? பார்த்தது போல இருக்கிறது, அக்காவின் முந்தானை அசைந்தது போல இருக்கிறது. அசைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தைத்தேனோ என்னவோ.

கூப்பிடலாம் என்றால் சூப்பர்வைசர் நாலு மெஷின் தள்ளி நிற்கிறார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். மெஷினில் தலை சாய்த்ததைப் பார்த்தால் அவளை இன்றைக்கே அனுப்பிவிடுவார். அவள் ஊருக்குப் போவாள், போனை எடுப்பாள், எல்லாம் என்னால். கூப்பிடாமல் விட்டால்? அவள் பேரைச் சொல்ல நினைத்தேன், பேர் வரவில்லை.

"அடியே, எந்திரி! எந்திரிடி!"

நான் அவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து மெஷின் நின்றது, அதற்குப் பக்கத்து மெஷின் நின்றது, அப்படியே வரிசையாக ஃப்ளோர் முழுக்க நின்றது. டீ மணிக்குக்கூட அந்த மாதிரி ஒரு அமைதி வராது. ஃபேன் சத்தம் மட்டும்தான்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. கட்டுகளைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அந்தப் பெண் தலையைத் தூக்கிவிட்டாள்.

கண்ணில் தூக்கம் இல்லை. அழுத மாதிரியும் இல்லை.

"யாரு கூப்ட்டது?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

ஆன்ட்டிக்குக் கோபம். "அறிவு கீதா உனக்கு?" என்று என்னைத்தான் பிடித்தார். "ஒரு பொண்ணு கொஞ்ச நேரம் தல சாச்சா ஊரக் கூட்டுவியா? இப்ப பாரு, எல்லாரும் வந்துகினு நிக்கிறாங்க. இவ சோத்துல மண்ணப் போட்டுட்டியே!"

"இந்த அக்காவத் திட்டாதீங்க ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். "பாக்கணும்னுதான் படுத்தேன்."

"இன்னாத்தப் பாக்க?"

"என்னை யாராச்சும் பாக்குறீங்களான்னு." சூப்பர்வைசர் நிற்பதைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. "பேய் வரும்னு நான் பயப்படறதா எல்லாரும் நெனச்சிக்கிட்டிருக்கீங்க. செத்துப்போன அக்கா என்னை என்ன பண்ணப்போறாங்க? இந்த சீட்ல நான் செத்தாலும் பீஸ் போயிக்கிட்டேதான் இருக்கும். எனக்கு அதான் பயம். அன்னிக்கு அக்காவோட கட்டப் பிரிச்சி வெச்சது நான்தான். ஒரு தடவ தொட்டுப் பாத்திருக்கலாம்ல? தொடக் கூடாதுன்னு நீங்க சொல்லிக் குடுத்திருந்தீங்க."

ஆன்ட்டி கையில் அவளிடமிருந்து எடுத்த பீஸ்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அவளுடைய மேஜையில் திருப்பி வைத்தார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தப் பாதிக் காலர நான்தான் முடிச்சேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "மறுநாள் காலீல வந்து. பாதில உடக் கூடாதுன்னு." அந்தச் சட்டை என்ன ஆனது என்று நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் கட்டின் கணக்குச் சரியாக இருந்ததே, யார் முடித்தார்கள் என்று. இப்போது ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

சூப்பர்வைசருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் டைலரா இருந்தவன்தாம்மா. கைமாத்துன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கி நானும் இப்டிக்காதான் போனேன். அவங்க தல சாஞ்சிருந்தத பாத்தேன். பாவம், தூங்கட்டும்னு அப்டியே திரும்பிப் போய்ட்டேன்."

அவர் கையைத் தட்டி, "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்றார். மெஷின்கள் ஓடின.

அன்று டார்கெட் வரவில்லை. மறுநாள் வந்தது. சனிக்கிழமை அந்தப் பெண்ணை டைலராகவே எழுதிக்கொண்டார்கள். அவள் போனை இன்னும் எடுப்பதில்லை. வகுப்பு நல்ல பலன் கொடுத்தது என்று எச்.ஆர். தம்பி மேலே சொன்னார் என்று கேள்விப்பட்டேன். இருக்கட்டும், அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

கைமாத்தை நாங்கள் விட்டுவிடவில்லை, விடவும் முடியாது. ஒன்றே ஒன்று மாறியது. கட்டைத் தொடுவதற்கு முன்னால் ஆளைத் தொட வேண்டும், தொட்டால் அவள் பதில் சொல்ல வேண்டும். இதைக் கொண்டு வந்தது அந்தப் பெண்தான். முதலில் பின்பற்றியது ஆன்ட்டி.

"இன்னாடி, உசுரோட கீறியா?"

"கீறேன் ஆன்ட்டி. பீஸை எடுங்க, வாயை மூடுங்க."

புதிதாக வந்த பெண்களுக்கு இது வேடிக்கை. சிரித்துக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. பதில் வரும்வரை எனக்கு மூச்சு நிற்கிறது. வேனில் ஜன்னலோரம் தூங்குகிற யாரையாவது தொட்டு எழுப்பித் திட்டு வாங்குகிறேன். என் மகன் தூங்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். அவன், "புழுங்குதும்மா" என்று சலித்துக்கொண்டால்தான் மறுபடி போடுகிறேன்.

டார்கெட் தாண்டிய நாளுக்கு ஆளுக்கு ஒரு ஊக்கத்தொகை உண்டு. அக்கா தலை சாய்த்த நாளுக்கான தொகை எங்கள் எல்லோருக்கும் வந்தது. அக்கா வீட்டுக்கு மற்ற கணக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது, இது மட்டும் போகவில்லை. நான் எச்.ஆர். தம்பியிடம் போய்க் கேட்டேன். பெரிய தொகை இல்லை, அக்கா புருஷன் கேட்கவும் இல்லை. ஆனால் செத்த பிறகும் ஒரு பீஸ் குறையாமல் கணக்கு முடித்தவர் எங்கள் லைனில் அவர் ஒருவர்தான்.

தம்பி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "நானும் ட்ரை பண்ணிட்டேன்க்கா. காலையில விரல் வெச்சு உள்ள வந்தது இருக்கு. சாயங்காலம் வெளிய போனப்ப வெச்சது இல்ல. அது இல்லாம அந்த நாள் முடிஞ்சதாவே சிஸ்டம் எடுத்துக்காது. மெயில் போட்டிருக்கேன், பாப்போம்."

திரையில் அக்கா பேருக்கு நேராக உள்ளே வந்த நேரம் இருந்தது. பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. மாதா மாதம் சம்பளத்தன்று போய்க் கேட்கிறேன். தம்பி திரையைத் திருப்புகிறார். அந்தக் கட்டம் அப்படியேதான் இருக்கிறது. அதன்படி அக்கா இன்னும் வெளியே வரவில்லை.

வேப்பம்பட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பாக்கி, நூற்று எண்பது ரூபாய்.